டைனோ, ஸ்லோப், கேனபால்ட்: ஸ்கோர் ஏறுவது கண்ணால்தான்

பிரவுசரிலேயே ஓடும் முடிவில்லா விளையாட்டுகளைப் பல வருடங்களாக விடாமல் விளையாடி வருகிறேன். இணையம் போனால் க்ரோமில் தலைகாட்டும் டைனோ, சரிவில் பந்தை உருட்டும் ஸ்லோப், மாடிக்கு மாடி தாவி ஓடும் கேனபால்ட் ஆகிய மூன்றும்தான் அதிகம். விரல் வேகமாக இருந்தால் ஸ்கோர் ஏறும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் விரலுக்கு இதில் பங்கு குறைவு. எங்கே பார்க்கிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

டைனோவையே எடுத்துக்கொள்வோம். 2014-இல் வந்த இந்தச் சின்ன விளையாட்டைப் போல நல்ல ஆசான் வேறு இல்லை. ஓடும் டைனோ எதிரே வரும் கள்ளிச் செடிகளில் முட்டாமல் தாவ வேண்டும், அவ்வளவுதான். ஆரம்ப வேகம் 6, உச்ச வேகம் 13 என்று அதன் நிரலிலேயே எழுதியிருக்கிறது. ஏறத்தாழ 2 நிமிடத்தில் அந்த உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு வேகம் கூடுவதே இல்லை. அதாவது 2 நிமிடம் தாண்டியவர் அதற்கு மேல் தோற்றால், காரணம் வேகம் அல்ல, கவனம். உச்ச வேகத்தில் வலது ஓரத்தில் முளைக்கும் கள்ளி ஒரு நொடிக்குள் காலடிக்கு வந்துவிடும். கண்ணில் பட்டதும் விரல் அசையவே கால் நொடி போய்விடுகிறது. டைனோவைப் பார்த்துக்கொண்டே விளையாடுபவருக்கு மிச்சம் என்ன இருக்கும்? பார்வையைத் திரையின் வலது பாதியில் நிறுத்திவிட்டால் டைனோ ஓரக்கண்ணில் தெரிந்தாலே போதும். அது எங்கும் போகாது, இடத்திலேயேதான் நிற்கிறது.

அடுத்தது தாவும் விதம். ஸ்பேஸ்பாரை லேசாகத் தட்டினால் குட்டித் தாவல், அழுத்திப் பிடித்தால் முழுத் தாவல். காற்றில் இருக்கும்போது கீழ் அம்புக்குறியை அழுத்தினால் டைனோ சட்டென்று தரைக்கு வரும். அடுத்தடுத்து கள்ளிகள் வரும்போது உயிரைக் காப்பது இதுதான். பறந்து வரும் டெரோடாக்டைல் மூன்று உயரங்களில் வரும். தாழ்ந்து வந்தால் தாவ வேண்டும், நடுவில் வந்தால் குனியலாம், உயரத்தில் வந்தால் ஒன்றுமே செய்ய வேண்டாம். பதறிப்போய்த் தாவுபவர்கள்தான் அந்த மூன்றாவதில் போய் முட்டுகிறார்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு 100 புள்ளிக்கும் ஒலி எழுந்து மேல் மூலையில் எண் மின்னும். கண் தானாக அங்கே ஓடும். அந்த ஒரு கணத்தில்தான் கள்ளி வந்து சேரும். ஒலியை அணைத்துவிடுவது நல்லது.

ஸ்லோப்பில் சங்கதி வேறு. அம்புக்குறி விசையிலிருந்து விரலை எடுத்த பிறகும் பந்து கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டே போகும். அழுத்திப் பிடித்தால் ஒரு பக்கம் சாய்ந்து, அதைத் திருத்தப் போய் மறுபக்கம் விழ வேண்டியதுதான். சின்னச் சின்னத் தட்டல்களாக, சிவப்புக் கட்டை தெரிந்ததுமே திசையை மாற்றத் தொடங்கிவிட வேண்டும். இங்கேயும் பந்தைப் பார்க்கக் கூடாது. அடுத்த மேடை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கேனபால்ட் 2009-இல் ஆடம் சால்ட்ஸ்மேன் உருவாக்கியது. விசை ஒன்றே ஒன்று. வழியில் கிடக்கும் பெட்டிகளில் இடித்தால் ஓட்டம் மெதுவாகும். புதிதாக விளையாடுபவர்கள் அதைத் தண்டனை என்று எண்ணித் தாண்டிக் குதிக்கிறார்கள். வேகம் கைமீறும்போது வேண்டுமென்றே ஒன்றிரண்டை இடித்துவிட்டால் மூச்சுவிட அவகாசம் கிடைக்கும். இப்படித் தடையையே பிரேக்காக மாற்றித் தந்த யோசனைக்காகவே இந்த விளையாட்டின் மேல் எனக்குத் தனி மதிப்பு.

கருவி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரை என்றால் நொடிக்கு 60 முறை படம் மாறும். அந்த ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம், அதன் நேரம் 16.7 மில்லி நொடி. பின்னணியில் வீடியோ ஓடும் டேப்கள் இருந்தால் ஃபிரேம்கள் தவறிப்போகும். திறன் இருந்தும் தோற்பது அப்போதுதான். பேட்டரி சேமிப்பு முறை இருந்தால் அணைத்துவிடுங்கள். சில விளையாட்டுகளில் நகர்வை ஃபிரேம் கணக்கிலேயே எழுதியிருப்பார்கள். அவை 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாக ஓடும். நண்பரின் ஸ்கோரோடு ஒப்பிடும் முன் இதைக் கவனிப்பது நியாயம். கீபோர்டு சாதாரணமானதே போதும், செலவு செய்ய அவசியமில்லை.

பயிற்சிக்கு நான் கண்ட நல்ல வழி, குறைந்த நேரம், முழுக் கவனம். திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைந்துவிடும், கண் காய்ந்துபோகும். அப்புறம் எத்தனை முறை முயன்றாலும் ஸ்கோர் இறங்கிக்கொண்டேதான் போகும். அந்த நேரத்தில் எழுந்துவிடுகிறேன். நேற்று சிக்கலாக இருந்த இடம், தூங்கி எழுந்து உட்கார்ந்தால் பெரும்பாலும் எளிதாகக் கடந்துபோகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் டைனோவில் குட்டித் தாவலும் இறக்கமும் கைவந்த பிறகு கேனபால்ட்டுக்குப் போகலாம். ஸ்லோப்பைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.