மரத்தரையில் விழுந்த பள்ளத்தைச் சரிசெய்ய ஆள் தேடுகிறீர்களா? என் 8,500 ரேண்ட் போன கதையைப் படித்துவிட்டுத் தேடுங்கள்

டர்பனில் பழைய வீடுகளில் இருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். இன்று காலையும் அந்த ஆள் போனை எடுக்கவில்லை. 8,500 ரேண்ட் வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக் கூடத்தைப் பாழாக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

அம்மா வீடு ரிசர்வாயர் ஹில்ஸில் இருக்கிறது. கூடம் முழுக்கப் பழைய பார்க்கே தரை, அதாவது சின்னச் சின்ன மரக்கட்டைகளை அடுக்கி ஒட்டிய தரை. ரோடீசியன் தேக்கு என்று இங்கே சொல்லும் மரம். ஜாம்பியா, ஜிம்பாப்வே காடுகளில் வளர்வது, சாதாரணத் தேக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் கடினமானது. அப்பா பார்த்துப் பார்த்து மெழுகு போட்ட தரை. பழைய இரும்பு பீரோவை நகர்த்தும்போது அது சாய்ந்து விழுந்து சில கட்டைகளில் பள்ளம் விழுந்துவிட்டது. குத்துவிளக்கும் சேர்ந்து விழுந்ததில் ஓரிடத்தில் மரமே வெட்டுப்பட்டது.

போனில் விளம்பரம் போடும் ஒரு செயலி வழியாகத்தான் இவன் கிடைத்தான். தரை வேலைக்கென்றே சின்னதாக ஒரு கம்பெனி வைத்திருக்கிறானாம். வந்தவன் வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டான். அம்மாவை "ஆயா" என்று கூப்பிட்டு, "கவலைப்படாதீங்க ஆயா, உங்க தரையை நான் புதுசாக்கித் தர்றேன்" என்றான். பிறகு ஓர் ஈரத்துணி, எங்கள் இஸ்திரிப்பெட்டி இரண்டையும் கேட்டு வாங்கி, உள்நடையில் ஒரு பள்ளத்தின் மேல் துணியை வைத்துத் தேய்த்தான். எங்கள் கண்ணெதிரே பள்ளம் மேலே எழும்பியது. அம்மா கைதட்டினார். அதைப் பார்த்த பிறகு யார்தான் நம்ப மாட்டார்கள்? முன்பணம் 5,000, பொருள் வாங்க 3,500, மொத்தம் 8,500 ரேண்டை அன்றே அனுப்பினேன்.

உள்நடையில் இருப்பது பார்க்கே இல்லை, மென்மையான பைன் பலகை. மேலே இருந்த வார்னிஷும் எப்போதோ தேய்ந்துபோனது. அதில் ஆவி காட்டினால் அழுந்திய நார் ஈரம் குடித்து உப்பி எழும்பும். அவன் வேண்டுமென்றே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தான். கூடத்து மரம் அப்படி இல்லை. அழுந்திய நாராவது கொஞ்சம் எழும்பலாம். அறுந்த நார் எந்த ஆவிக்கும் எழும்பாது, அங்கே மக்கு (மரத்தில் ஓட்டை அடைக்கும் பசை) வைத்து அடைக்க வேண்டும், இல்லை கட்டையையே மாற்ற வேண்டும். வார்னிஷைச் சுரண்டி எடுக்காவிட்டால் ஈரம் மரத்துக்குள் போகவே போகாது. தச்சு வேலையிலேயே காலம் கழித்த என் தாய்மாமா வந்து முட்டி போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னது இதெல்லாம்.

அவன் அனுப்பிய இரண்டு பையன்கள் வார்னிஷ் மேலேயே தண்ணீரை ஊற்றி மணிக்கணக்கில் சூடு காட்டினார்கள். தரை வெள்ளையாகப் பூத்துப்போனது. எங்கள் பார்க்கே தாரில் ஒட்டியது. சூட்டில் தார் இளகிக் கட்டைகள் ஆடத் தொடங்கின. பள்ளங்களில் ஏதோ ஆரஞ்சு நிற மக்கை அப்பினார்கள். கடைசியாக மெஷினை வைத்து ஒரே இடத்தில் தேய்த்ததில் பழைய பள்ளத்தைவிடப் பெரிய குழி விழுந்தது. "வார்னிஷ் வாங்கிட்டு வர்றோம்" என்று போனவர்கள்தான், திரும்பவில்லை.

அன்று மாலை அவனைக் கூப்பிட்டேன். "ஆன்ட்டி, டர்பன் காத்துல ஈரம் ஜாஸ்தி, காஞ்சா சரியாயிடும்." காய்ந்தது, சரியாகவில்லை. போட்டோ அனுப்பு என்றான், அனுப்பினேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வேலையாக இருக்கிறேன், திங்கட்கிழமை வருகிறேன் என்றான். திங்கட்கிழமை வேறு யாரோ எடுத்து, "பாஸ் கோயிலுக்குப் போயிருக்கார்" என்றார்கள். அப்புறம் ஒருநாள் அவனே எடுத்து, "தரை பழசு, அது என் தப்பில்ல" என்று சத்தம் போட்டான். இப்போது நீல டிக் மட்டும் வருகிறது. செயலிக்காரர்களுக்கு எழுதினால், விளம்பரத்துக்கு இடம் கொடுப்பதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது, நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு வரி பதில். 8,500 ரேண்ட் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அம்மா கைத்தடியோடு நடக்கிறவர். ஆடுகிற கட்டையில் தடி மாட்டி நேற்று விழப் பார்த்தார். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, வேலை சரியில்லை என்றால் குறையைச் சரிசெய்யச் சொல்லவோ, பணத்தில் நியாயமான பங்கைத் திரும்பக் கேட்கவோ உரிமை தருகிறது. 20,000 ரேண்ட் வரை சிறு வழக்கு மன்றத்துக்குப் போகலாம், வக்கீல் வேண்டாம். ஆனால் முதலில் 14 நாள் அவகாசம் கொடுத்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும், அப்புறம் சம்மன் அவன் கையில் சேர வேண்டும். எந்த முகவரிக்கு? என்னிடம் இருப்பது ஒரு போன் நம்பரும் ஒரு வங்கிக் கணக்கும். விளம்பரத்தில் போட்டிருந்த தெருவில் போய்ப் பார்த்தால் அங்கே டயர் கடை இருக்கிறது.

சரி, அவசரமாகச் சிலது சொல்கிறேன். செய்து காட்டுகிறேன் என்றால் பள்ளம் விழுந்த அதே மரத்தில், அதே அறையில் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பள்ளத்துக்கு ஆவி, எதற்கு மக்கு, எந்தக் கட்டையை மாற்றுவது என்று விலையோடு எழுதி வாங்குங்கள். வீட்டு முகவரியும் அடையாள அட்டை நகலும் கைக்கு வராமல் ஒரு ரேண்ட்கூட அனுப்பாதீர்கள். தாரில் ஒட்டிய தரையில் யாரையும் நீண்ட நேரம் சூடு காட்ட விடாதீர்கள். இன்னும் எழுத வேண்டியது இருக்கிறது, ஆனால் கட்டைகளை ஒட்ட மாமா வந்துவிட்டார்.