இங்க் டேங்க் பிரின்டர், மூன்று வருஷம் கழித்து: எது கெடுகிறது, எது கெட்டதுபோல் காட்டுகிறது

முதல் வருஷத்தில் எல்லா இங்க் டேங்க் பிரின்டரும் நல்ல பிரின்டர்தான். மூன்றாவது வருஷத்தில்தான் சுபாவம் தெரியும். 65 மில்லி கருப்பு மை பாட்டிலுக்கு 4,500 பக்கம் என்று கம்பெனி சொல்வது, விடாமல் அடித்துக்கொண்டே போனால் வருகிற கணக்கு. பிள்ளைகளின் புராஜெக்ட், ரயில் டிக்கெட், ஆதார் நகல் என்று வாரத்துக்கு நாலு பக்கம் அடிக்கிற வீட்டில் மையில் ஒரு பங்கு தாளுக்கே வராது. ஹெட்டை (தாளில் மையைத் தெளிக்கும் பாகம்) சுத்தம் செய்வதில் செலவாகி, அடியில் இருக்கும் கழிவு மைப் பஞ்சில் போய் இறங்கிவிடும். அப்படியும் கார்ட்ரிட்ஜ் பிரின்டரைவிடப் பக்கச் செலவு குறைவுதான். ஆனால் இதைச் சும்மா போட்டு வைக்கக் கூடாது.

பிரச்சினை வந்ததும் முதலில் கம்ப்யூட்டரை மறந்துவிடுங்கள். ஸ்கேனர் கண்ணாடியில் ஒரு தாளை வைத்து நகல் பட்டனை அழுத்துங்கள். நகல் சரியாக வந்தால் பிரின்டரில் கோளாறு இல்லை. கேபிள், வைஃபை, டிரைவர் (கம்ப்யூட்டரில் பிரின்டரை இயக்கும் சாஃப்ட்வேர்) பக்கம்தான் தேட வேண்டும். நகலிலும் கோடு விழுந்தால் டிரைவரை நூறு தடவை அழித்துப் போட்டாலும் பயனில்லை. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் விண்டோஸையே புதிதாகப் போட்டவர்கள் உண்டு.

கோடு கோடாக வருவது, ஒரு நிறம் மட்டும் வராமல் போவது இரண்டுக்கும் பெரும்பாலும் நாசில் அடைப்புதான் காரணம். நாசில் என்பது ஹெட்டில் மை வெளியே வரும் நுண்துவாரம். மெயின்டனன்ஸ் மெனுவில் நாசில் செக் கொடுத்தால் படிக்கட்டு போன்ற கோடுகள் அச்சாகும். எங்கே விடுபட்டிருக்கிறதோ அங்கே துவாரம் அடைத்திருக்கிறது. உடனே ஹெட் கிளீனிங் கொடுங்கள், ஆனால் தொடர்ந்து மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். பலரும் இங்கேதான் தப்பு செய்கிறார்கள். பத்துத் தடவை கிளீனிங் கொடுத்தால் மை காலியாகும், கழிவுப் பஞ்சு நிரம்பும், அடைப்பு அப்படியே இருக்கும். மூன்று தடவைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் 12 மணி நேரம் எதுவும் அடிக்காமல் விட்டுவிட்டு மறுபடி நாசில் செக் பாருங்கள். உள்ளே சிக்கிய காற்றுக் குமிழி அடங்கவும், காய்ந்த மை இளகவும் அந்த அவகாசம் தேவை. பாதி அடைப்பு இதிலேயே போய்விடும்.

அடைப்பு ஏன் வருகிறது? அச்சடித்து முடித்ததும் ஹெட் ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடிமேல் உட்காரும். பெரும்பாலான மாடல்களில் அது வலது ஓரம். நாசில் காயாமல் காப்பது அந்த மூடிதான். பிரின்டரின் பவர் பட்டனை அழுத்தி அணைத்தால் ஹெட் ஒழுங்காகப் போய் மூடிக்கொள்ளும். அச்சடிக்கும்போதே கரண்ட் போனாலோ, கம்ப்யூட்டரோடு சேர்த்துச் சுவர் சுவிட்சைத் தட்டினாலோ ஹெட் பாதி வழியில் திறந்தபடியே நிற்கும். சித்திரை வெயிலில் இரண்டு நாள் அப்படிக் கிடந்தால் போதும். பவர் பட்டனில் அணைத்து, விளக்கு அடங்கிய பிறகுதான் சுவிட்ச். வாரம் ஒருமுறை நாலு நிறமும் உள்ள ஒரு பக்கம் அடித்துவிடுங்கள். ஒரு கிளீனிங்குக்கு ஆகும் மையை விட அதற்கு ஆகும் மை குறைவு.

சில சமயம் அந்த மூடியே காய்ந்த மையால் கெட்டிப்பட்டு, கிளீனிங்கின்போது மையை உறிஞ்சாமல் போகும். கிளீனிங் கொடுக்கக் கொடுக்க நிலைமை மோசமானால் அதுதான் அடையாளம். ஹெட் நடுவுக்கு நகரும்போது பிளக்கைப் பிடுங்கி (பிடுங்கக் கூடாது என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு), மூடிக்குள் டிஸ்டில்ட் வாட்டர் நாலைந்து சொட்டு விட்டு, ரப்பர் விளிம்பை ஈரமான காது பட்ஸால் துடையுங்கள். ஹெட்டை மெதுவாக அதன்மேல் நகர்த்தி இரவு முழுக்க விடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும்.

டேங்கில் மை கீழ்க்கோட்டுக்குக் கீழே போக விடாதீர்கள். குழாயில் காற்று ஏறினால் சாதாரண கிளீனிங்கால் இறங்காது. பவர் கிளீனிங் என்ற பெரிய சுத்திகரிப்பு தேவைப்படும். அதற்கு ஒவ்வொரு டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்க வேண்டும். அடுத்த முறை கொடுக்க 12 மணி நேரம் பொறுக்க வேண்டும்.

கழிவுப் பஞ்சு நிரம்பிவிட்டதாகப் பிரின்டர் நின்றுவிட்டால், கடைக்காரர் ஒரு சாஃப்ட்வேரால், கழிவு மையைக் கணக்கு வைக்கும் கவுன்ட்டரைப் பூஜ்ஜியமாக்கித் தருவார். பிரின்டர் ஓடும். ஆனால் பஞ்சு நனைந்தேதான் இருக்கிறது. இரண்டாவது தடவையும் பஞ்சை மாற்றாமல் ரீசெட் மட்டும் செய்தால் மை மேஜையில் வழியும். பஞ்சை மாற்றிவிட்டு ரீசெட் செய்யச் சொல்லுங்கள்.

தாள் இழுக்காமல் போவதற்கு ரோலரில் படியும் காகிதத் தூசிதான் காரணம். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த, நூல் பிரியாத துணியால் ரோலரைச் சுற்றித் துடைத்தால் போதும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று தாள் ஒன்றாகப் போனால் ஈரம்தான் காரணம். தாள் கட்டை அதன் உறையிலேயே வைத்திருந்து, போடும்போது விசிறிப் போடுங்கள். தட்டை நிரப்பி வைக்காதீர்கள். பின்பக்கம் தாள் போடும் வாய்க்கு மூடி இருந்தால் மூடி வையுங்கள். அங்கே விழுந்த ஒரு ஹேர்பின் கியரையே உடைத்துவிடும்.

ஹெட் ஓரத்தில் 'டக்' என்று மோதி எர்ரர் காட்டினால் மோட்டார் போய்விட்டதென்று பயப்படாதீர்கள். ஹெட்டுக்குப் பின்னால் கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்று நீளமாக ஓடும். அதிலுள்ள நுண்கோடுகளைப் படித்துத்தான் ஹெட் தன் இடத்தை அறிகிறது. அதில் மை தெறித்திருக்கும். ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தால் சரியாகிவிடும். ஸ்பிரிட் போட்டால் கோடுகளே அழிந்துவிடக்கூடும்.

இனி கம்ப்யூட்டர் பக்கம். வைஃபையில் இருக்கும் பிரின்டர் அடிக்கடி 'ஆஃப்லைன்' என்று காட்டுவது, பெரும்பாலும் ரவுட்டர் அணைந்து எரிந்தபின் பிரின்டருக்கு வேறு ஐபி எண் (நெட்வொர்க்கில் அதன் முகவரி) கிடைப்பதால். ரவுட்டர் அமைப்பில் பிரின்டருக்கு ஒரே ஐபியை ஒதுக்கிவையுங்கள். பிறகு பிரின்டர் பிராப்பர்டீஸில் போர்ட்ஸ் பகுதிக்குப் போய், விண்டோஸ் தானாகப் போட்டுக்கொள்ளும் டபிள்யூஎஸ்டி போர்ட்டுக்குப் பதில் ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்டை அந்த எண்ணோடு சேருங்கள். அப்படியும் ஆஃப்லைன் என்றால் அதே போர்ட் அமைப்பில் எஸ்என்எம்பி (பிரின்டரின் நிலையைக் கேட்டறியும் வசதி) டிக்கை எடுத்துவிடுங்கள். பிரின்டரை முதன்முதலாக இணைக்கவே முடியவில்லையா? வீட்டுப் பிரின்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் தேடினால் அகப்படாது.

அழித்தாலும் போகாத பிரின்ட் வேலைக்கு, அச்சு வேலைகளை வரிசையில் வைத்திருக்கும் ஸ்பூலரைச் சுத்தம் செய்வதுதான் மருந்து. சர்வீசஸில் பிரின்ட் ஸ்பூலரை நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் என்று போய் உள்ளிருக்கும் ஃபைல்களை மட்டும் அழித்து, மறுபடி தொடங்குங்கள். ஃபோல்டரை அழிக்க வேண்டாம்.

ஒரு கம்ப்யூட்டரில் மாட்டிய பிரின்டரை இன்னொன்றுக்கு ஷேர் செய்கிறவர்களுக்கு, 2021 செப்டம்பரில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டிலிருந்து '11பி' என்று முடியும் எர்ரர் வரத் தொடங்கியது. ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பாதுகாப்பை அணைக்கும் வழி பரவலாகச் சொல்லப்படுகிறது. அது திறந்துவிட்ட கதவு. பிரின்டரில் வைஃபை இருந்தால் இரண்டு கம்ப்யூட்டரையும் நேராக அதனோடு இணைப்பதே மேல்.

மாதத்துக்குப் பத்துப் பக்கம், அதுவும் கருப்பு மட்டும் என்றால் இங்க் டேங்க் வாங்கவே வேண்டாம். கருப்பு வெள்ளை லேசர் போதும். டோனர் தூள், காயாது. ஆனால் அதை வீட்டு யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். தூளை உருக்கும் ஹீட்டர் ஒரே இழுப்பில் பல நூறு வாட் கேட்கும், 600 விஏ யுபிஎஸ் அதற்குத் தாங்காது. இங்க் டேங்குக்கு அந்தக் கவலை இல்லை. யுபிஎஸ்ஸிலேயே மாட்டலாம், கரண்ட் போனாலும் ஹெட் மூடிக்குத் திரும்ப நேரம் கிடைக்கும்.