ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3060: சேலத்து வீட்டுக்கு எந்த கார்டு?

கையில் இருக்கிற பணத்துக்குள் கேமிங் கணினி கட்ட நினைப்பவருக்குப் பாதித் தலைவலி கிராபிக்ஸ் கார்டில், அதாவது திரையில் படத்தை வரையும் பாகத்தில்தான். 1080பி (1920x1080 புள்ளி) திரைக்கு என்று தேடியபோது என் பட்டியலில் கடைசியாக மிஞ்சியவை இரண்டு: ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 6600, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி. இரண்டும் 2021இல் வந்தவை. நான் 6600 வாங்கினேன். சேலத்தில் சிறிய யுபிஎஸ் (மின்சாரம் போனதும் பேட்டரியில் ஓட்டும் பெட்டி) வைத்திருக்கும் யார் கேட்டாலும் அதையே வாங்கச் சொல்கிறேன். விளையாட்டின் வேகத்தைப் பார்த்து எடுத்த முடிவு அல்ல இது. மின்சாரத்தைப் பார்த்து எடுத்தது.

மற்ற பாகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிராசசர் ரைசன் 5 5600. ஆறு கோர் (உள்ளே இருக்கும் செயலகங்கள்), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைகள்), பெட்டியிலேயே கூலரும் வருகிறது. இன்டெல் ஐ5-12400எஃப்பும் ஏறக்குறைய இதே தரம்தான், எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம். ரேம் டிடிஆர்4, மொத்தம் 16 ஜிபி. 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தபின், டிடிஆர்5 மட்டுமே ஏற்கும் ஏஎம்5 (ஏஎம்டியின் புதிய பிராசசர் சாக்கெட்) பக்கம் நான் திரும்பவே இல்லை. பழைய கணினியில் இருந்த ரேமையே கழற்றி மாட்டிக்கொண்டேன்.

மதர்போர்டில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 6600 எட்டு பிசிஐஇ லேன்களில்தான் (கார்டையும் போர்டையும் இணைக்கும் தரவுப் பாதைகள்) இயங்கும். பி550 போர்டில் அது பிசிஐஇ 4.0 வேகத்தில் ஓடும். பி450 போர்டு 3.0 வேகத்தோடு நின்றுவிடுவதால் பாதை பாதியாகக் குறுகிவிடுகிறது. 3060க்கு 16 லேன் இருப்பதால் பழைய போர்டிலும் அதற்குக் குறை தெரியாது. பி450 ஏற்கெனவே கையில் இருப்பவர் இதை யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

இனி வேகம். ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு நிழலும் பிரதிபலிப்பும் வரைவது) இல்லாமல் 1080பியில் ஓட்டினால் இரண்டும் தோளோடு தோள் நிற்கின்றன. ஒரு விளையாட்டில் இது சற்று முந்தும், இன்னொன்றில் அது. ரே டிரேசிங் வேண்டுமென்றால் 3060 தெளிவாக மேல். குறைந்த அளவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கும் நுட்பத்திலும், என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் தருகிற படம் 6600இல் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் தருவதைவிடச் சுத்தமாக இருக்கிறது. 3060இன் 12 ஜிபி நினைவகம் சும்மா விளம்பரம் அல்ல. புதிய பெரிய விளையாட்டுகளில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) உச்சத்தில் வைத்தால் 6600இன் 8 ஜிபி திணறுகிறது. இவ்வளவும் 3060 பக்கம்தான் நிற்கின்றன என்பதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் நம் ஊரில் மின்சாரம் எப்படி வருகிறது என்று பாருங்கள். சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் 38, 39 டிகிரி கொளுத்திவிட்டு, சாயங்காலம் இடியோடு மழை பிடிக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் மணிக்கணக்கில் போவதைவிட, ஒரு நொடி போய் வருவதே அதிகம். அந்த ஒரு நொடியில் கணினி அணைந்து மறுபடி ஏறும். சேமிக்காத ஆட்டம் போகும். ஐவர் அணியாக ஆடிக்கொண்டிருந்தால் மற்ற நால்வரும் தவிப்பார்கள். எஸ்எஸ்டி எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் கோப்பும் கெடலாம். ஆகவே யுபிஎஸ் இல்லாமல் இங்கே கேமிங் கணினி கட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பெரும்பாலான வீடுகளில் இருப்பது 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யுபிஎஸ். அதில் எழுதியிருக்கும் 600ஐ வாட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது தாங்குவது பொதுவாக 360 வாட். இப்போது கூட்டிப் பாருங்கள். 5600 பிராசசர் உச்சத்தில் 76 வாட். 6600 கார்டு 132 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, மின்விசிறிகளுக்கு 50 என்று தாராளமாக வைத்தால் 258. எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) 85 சதவீதத் திறனில் ஓடினால் யுபிஎஸ்ஸிலிருந்து இழுப்பது சுமார் 303 வாட். மானிட்டருக்கு 25 சேர்த்தால் 328. உள்ளே அடங்குகிறது. அதே இடத்தில் 170 வாட் கேட்கும் 3060ஐ வைத்தால் 373 வந்துவிடுகிறது. யுபிஎஸ் கீச்சிட்டுக் கைவிடும்.

பிராசசரும் கார்டும் ஒரே நேரத்தில் உச்சம் தொடுவது அரிது என்பது உண்மைதான். ஆட்டத்தை நொடிக்கு 60 பிரேமுக்குள் கட்டுப்படுத்தினால் 3060கூட 600 விஏவில் நிற்கக்கூடும். ஆனால் மின்சாரம் எந்த நொடியில் போகும் என்பது நம் கையில் இல்லையே. அந்த நொடியில் கார்டு உச்சத்தில் இருந்தால் யுபிஎஸ்ஸுக்குக் கொடுத்த பணம் வீண். 1000 விஏவுக்குப் போனால் இந்தக் கவலை தீரும். ஆனால் 600 விஏவில் பொதுவாக ஒரே ஒரு 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி. பெரியவற்றில் பெரும்பாலும் இரண்டு. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றும்போது இந்த வித்தியாசம் கையைக் கடிக்கும். நான் வாங்கிய சமயத்தில் இரண்டு கார்டுகளுக்கும் இடையே சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம் இருந்தது. பெரிய யுபிஎஸ்ஸையும் சேர்த்தால் அது இன்னும் பெரிதாகிவிடும்.

மின் கட்டணத்தை இதில் இழுக்க வேண்டியதில்லை. நாளுக்கு நான்கு மணி நேரம் ஆடினாலும் மேலே பார்த்த 45 வாட் வித்தியாசம் இரண்டு மாத பில்லில் சுமார் பதினொரு யூனிட்தான். ஏசியோடு 500 யூனிட்டை ஒட்டி நிற்கிற வீடு மட்டும் கவனிக்கலாம். அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப்படியின் சலுகை விலையும் போய்விடும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மின்சாரம் போய் யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் சில மில்லி விநாடிகளை அதுதான் தாக்குப்பிடிக்க வேண்டும். 80 பிளஸ் பிரான்ஸ் (மின் திறனுக்கான சான்று) தரத்தில் 550 வாட் போதும். 6600க்கு ஒரே ஒரு 8 பின் இணைப்பு இருந்தால் ஆயிற்று.

இன்டெலின் ஆர்க் பி580 கார்டு பற்றியும் கேட்கிறார்கள். 12 ஜிபி நினைவகம் ஆசை காட்டுகிறது. 190 வாட் என்பதாலேயே என் கணக்குக்கு வெளியே போய்விட்டது. நான் அதை ஓட்டிப் பார்த்ததில்லை என்பதால் அதற்குமேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஏற்காட்டில் இருக்கும் என் மாமா மகன் 3060தான் வைத்திருக்கிறான், அவனுக்கு அதுவே சரி. விளையாட்டைவிட பிளெண்டர் (முப்பரிமாணப் படம் செய்யும் மென்பொருள்) வேலைதான் அவனுக்கு அதிகம். அங்கே என்விடியா கார்டு தருகிற ரெண்டரிங் வேகத்தை 6600 எட்டாது. 1500 மீட்டர் உயரத்துக் குளிரில் கார்டின் விசிறி சத்தமே போடுவதில்லை. ஆனால் மலைமேல் இடி கடுமை, எனவே 1000 விஏ யுபிஎஸ்ஸோடு நிறுத்தாமல் நல்ல எர்த்திங்கும் போட்டிருக்கிறான். வானம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறான்; யுபிஎஸ் எதுவானாலும் நேரடி மின்னலுக்கு அது ஒன்றே வழி.