ஒய் மைக்ரோடெலிஷன் டெஸ்ட்: எந்த ரிப்போர்ட்டை நம்பலாம்?

செமன் அனாலிசிஸில் திரும்பத் திரும்ப 'நில்' (விந்தணுவே இல்லை) என்று வருபவருக்கு எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைகளில் இதுவும் ஒன்று. சில ஆயிரம் ரூபாய் ஆகும். கொடுக்கலாம், தகும். ஆனால் ஒரு லேப் தரும் ரிப்போர்ட்டுக்கும் இன்னொன்று தருவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது.

ஒய் குரோமோசோமின் நீண்ட கையில் விந்தணு உற்பத்திக்குத் தேவையான ஏஇசட்எஃப் ஏ, பி, சி என மூன்று பகுதிகள் உண்டு. இவற்றில் ஏதாவது அறுபட்டுக் காணாமல் போயிருக்கிறதா என்று பார்ப்பதுதான் டெஸ்ட். சி பகுதியில் இருப்பது டாஸ் மரபணு. 1995-ல் கண்டறியப்பட்டது, வழக்கமாக 4 நகல்கள் இருக்கும். இதிலிருந்து வரும் புரதம், விந்தணுவாக வளரவேண்டிய செல்களில் செய்தி ஆர்என்ஏக்களை (டிஎன்ஏவிலிருந்து நகலெடுத்த புரதக் குறிப்புகள்) பிடித்துக்கொண்டு, அவற்றிலிருந்து புரதம் தயாராவதை ஒழுங்குபடுத்துகிறது. விந்தணு முதிரும் கடைசிக் கட்டத்தில் டிஎன்ஏ இறுகச் சுருண்டுவிடும், புதிதாக நகலெடுக்க வழியில்லை. முன்பே எடுத்து வைத்த செய்திகளை வைத்துத்தான் மீதி வேலை நடக்கவேண்டும். அதனால்தான் இப்படிப்பட்ட ஒழுங்குபடுத்தும் புரதங்கள் இங்கே இவ்வளவு முக்கியம்.

சாம்பிள் கொடுப்பது எளிது. ஊதா மூடி போட்ட ஈடிடிஏ டியூபில் 2 முதல் 3 மில்லி ரத்தம் போதும், வெறும் வயிறு தேவையில்லை. பச்சை மூடி ஹெப்பாரின் டியூபில் எடுத்தால் சிக்கல்: இந்த டெஸ்ட் டிஎன்ஏ துண்டுகளைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறையில் நடக்கிறது, ஹெப்பாரின் அந்த வேலையையே தடுத்துவிடும்.

லேபைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தெந்த மார்க்கர் (பகுதி இருக்கிறதா என்று காட்டும் டிஎன்ஏ அடையாளத் துண்டு) பார்க்கிறீர்கள்? ஐரோப்பிய ஆண்ட்ராலஜி அமைப்பின் வழிகாட்டுதல்படி குறைந்தது ஆறு வேண்டும். ஏ பகுதிக்கு எஸ்ஒய் 84, 86. பி-க்கு 127, 134. சி-க்கு 254, 255. இவற்றோடு எஸ்ஆர்ஒய் (ஆண்பாலைத் தீர்மானிக்கும் மரபணு), இசட்எஃப்எக்ஸ்/இசட்எஃப்ஒய் என்ற கட்டுப்பாட்டு மார்க்கர்களும் ஓடவேண்டும். இசட்எஃப்எக்ஸ்/ஒய் பாண்ட் (டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் தெரியும் கோடு) ஆண், பெண் இருவர் டிஎன்ஏவிலும் வரும். அதுவே வரவில்லை என்றால் பிசிஆர் தோற்றுவிட்டது என்று அர்த்தம். 'டெலிஷன்' என்று எழுதக்கூடாது. ஜெல்லில் இசட்எஃப்எக்ஸ்/ஒய் துண்டின் நீளம் 495 பேஸ் ஜோடி, எஸ்ஆர்ஒய் 472. இடைவெளி வெறும் 23. அவசரமாக ஓட்டிய ஜெல்லில் இரண்டும் ஒரே தடித்த கோடாகத் தெரியும். அதைப் படித்து முடிவு சொல்வது ஆபத்து. ஒவ்வொரு முறையும் நார்மல் ஆண் டிஎன்ஏ, பெண் டிஎன்ஏ, வெறும் தண்ணீர் மூன்றும் கூடவே ஓடவேண்டும். தண்ணீர் லேனில் பாண்ட் தெரிந்தால் அன்றைய ரிசல்ட் மொத்தமும் குப்பைக்கு.

'ஒய் மைக்ரோடெலிஷன்: நெகட்டிவ்' என்று ஒற்றை வரியில் வரும் ரிப்போர்ட்டை நான் ஏற்கச் சொல்லமாட்டேன்.

பாசிட்டிவ் வந்தால் இன்னும் கவனம் தேவை. ஒரு பகுதியின் இரண்டு மார்க்கரில் ஒன்று மட்டும் காணவில்லை என்றால் உடனே நம்பிவிடக் கூடாது. பிரைமர் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலே எஸ்ஒய் 84 காணாமல் போனதுபோல் தெரியும், பகுதி முழுசாக இருக்கும். மறுபடி ஓட்டிப் பார்த்து, பக்கத்து மார்க்கர்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எஸ்ஆர்ஒய் இருந்து மூன்று பகுதிகளுமே இல்லை என்றால், அவர் எக்ஸ்எக்ஸ் குரோமோசோம் கொண்ட ஆணாக இருக்கலாம், கேரியோடைப் (குரோமோசோம்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் டெஸ்ட்) கட்டாயம். அதேபோல், கேரியோடைப் நார்மல் என்பதற்காக இந்த டெஸ்டைத் தவிர்க்கவும் முடியாது. இவ்வளவு சின்ன வெட்டு மைக்ரோஸ்கோப்பில் தெரியாது.

இந்த டெஸ்டின் பெரிய பலன் ஆபரேஷனுக்கு முன்னால்தான். ஏ அல்லது பி பகுதி முழுவதும் போயிருந்தால் விரையைத் திறந்து தேடினாலும் விந்தணு கிடைக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். மைக்ரோ டீசி எனும் அந்த ஆபரேஷனின் செலவும் வலியும் மிச்சம். சி மட்டும் போயிருந்தால் சுமார் பாதிப் பேருக்குக் கிடைக்கிறது, இக்சி (விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் சிகிச்சை) செய்யலாம். கவுண்ட் கொஞ்சமாவது இருக்கும் சி டெலிஷன்காரர்கள் விந்தணுவைச் சீக்கிரமே உறையவைத்துக்கொள்வது நல்லது. நாளாக நாளாகக் குறைய வாய்ப்புண்டு. பிறக்கும் ஆண் குழந்தைக்கும் இதே வெட்டு போகும். இதை இக்சிக்கு முன்பே தம்பதியிடம் உட்கார்ந்து பேசவேண்டும்.

குறை ஒன்று உண்டு. 254, 255 இரண்டுமே டாஸ் மரபணுவுக்குள் இருப்பவை. நான்கு நகலில் இரண்டு போனாலும் மீதி இரண்டிலிருந்து பாண்ட் வந்துவிடும். அதனால் பாதி டெலிஷன் இதில் பிடிபடாது.

யாருக்குத் தேவையில்லை? வாசெக்டமி போன்ற அடைப்பால் விந்தணு வெளிவராதவருக்கு வேண்டாம். பிறவியிலேயே விந்து நாளம் இல்லாதவருக்குப் பார்க்கவேண்டியது சிஎஃப்டிஆர் மரபணு. கவுண்ட் ஒரு மில்லியில் 50 லட்சத்துக்கு மேல் இருப்பவரிடம் இந்த வெட்டு மிக அபூர்வம். இவர்களுக்குப் பேக்கேஜில் சேர்த்து விற்றால், அதிலிருந்து நீக்கச் சொல்லுங்கள்.