டோக்கியோவிலிருந்து கியோட்டோ: புல்லட் ரயிலா, இரவுப் பேருந்தா?

நொசோமி புல்லட் ரயிலில் பயண நேரம் ஏறத்தாழ 2 மணி 15 நிமிடங்கள்தான். கட்டணம் சுமார் 14,000 யென். வலப்பக்கச் சன்னலோர 'E' இருக்கையைக் கேட்டு வாங்கினால், வானம் தெளிந்த நாளில், புறப்பட்ட முக்கால் மணி நேரத்தில் ஃபூஜி மலை தெரியும். நீள, அகல, உயரங்களின் கூட்டுத்தொகை 160 செ.மீ.யைத் தாண்டும் பெட்டி வைத்திருப்போர், அதற்கென உள்ள இருக்கையை முன்பதிவு செய்தாக வேண்டும்.

இரவுப் பேருந்தில் கட்டணம் பெரும்பாலும் வெகு குறைவு. ஓரிரவு விடுதி வாடகையும் மிச்சமாகும். ஆயினும், ஏழெட்டு மணி நேரம் சாய்ந்தபடியே உறங்கி, கடைகள் திறவாத விடியற்காலையில் இறங்க நேரிடும் (முதுகுவலிக்காரர்களுக்கு இது உகந்ததன்று). நிலையத்தின் பூட்டுப்பெட்டியில் சுமையை வைத்துவிட்டு நேரே ஃபுஷிமி இனாரிக்குச் சென்றால், இரவும் பகலும் திறந்திருக்கும் அக்கோயிலின் செந்நிறத் தோரண வாயில்களினூடே நெரிசலின்றி நடக்கலாம் என்பதால், என் தேர்வு பேருந்தே.