ஹீசார்க்கின் எக்ஸ்-கதிர்ப் பின்னணிக் கருவி: ஒரு மதிப்பீடு

அருகிலுள்ள பேரடைக் கொத்து ஒன்றை எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற எக்ஸ்-கதிர் விண்தொலைநோக்கியின் தரவில் ஆராய்பவருக்கு, கொத்தின் ஒளி எங்கே முடிந்து பின்னணி, அதாவது வானமெங்கும் பரவிய எக்ஸ்-கதிர் ஒளி, எங்கே தொடங்குகிறது என்பதே பெரிய தலைவலி. கொத்தே பார்வைப் புலத்தை நிறைத்துவிட்டால், பின்னணியை அளக்க அந்தப் படத்தில் வெற்றிடமே மிஞ்சாது. நாசா கோடார்ட் மையத்தின் உயராற்றல் வானியல் தரவுக் காப்பகமான ஹீசார்க் கட்டணமின்றி வழங்கும் இந்த இணையக் கருவி அந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது.

இதன் அடித்தளம், 1990 ஜூனில் ஏவப்பட்ட ரோசாட் செயற்கைக்கோள் வானம் முழுவதையும் எக்ஸ்-கதிரில் அளந்த ஆய்வு. வானத்தின் ஆயங்களைக் கொடுத்து, உள் ஆரம் 1 பாகை, வெளி ஆரம் 2 பாகை என ஒரு வளையத்தைக் குறித்தால், ஆர்1 தொடங்கி ஆர்7 வரையிலான ரோசாட்டின் ஆற்றல் பட்டைகளில் அவ்வளையத்தின் சராசரிப் பொலிவு பிழையளவுடன் கிடைக்கிறது. எக்ஸ்-கதிர் நிறமாலைகளுக்கு மாதிரிகளைப் பொருத்தும் எக்ஸ்ஸ்பெக் நிரலில் நேரடியாக ஏற்றத்தக்க நிறமாலைக் கோப்பும் உடன் வருவதே இக்கருவியின் உண்மையான பலம் என்பேன். ஆனால் அது ஒரு சதுர வில்நிமிடத்திற்கான அளவு. உங்கள் நிறமாலை எடுக்கப்பட்ட பரப்பை மாறிலியாகப் பெருக்காமல் இந்தக் கோப்பையும் உங்கள் நிறமாலையையும் சேர்த்துப் பொருத்தினால் பின்னணி பல மடங்கு பிசகும்.

எண்கள் சுத்தமாக வருவதால் அவற்றை அப்படியே அண்டப் பின்னணி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கால் கிலோ எலக்ட்ரான் வோல்ட் (எக்ஸ்-கதிர் ஆற்றலின் அலகு) பட்டையில் தெரிவதில் பெரும்பங்கு சூரியனைச் சூழ்ந்த வெப்பக் குமிழியிலிருந்தும், சூரியக் காற்றின் அயனிகள் நடுநிலை அணுக்களிடமிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கும்போது எழும் ஒளியிலிருந்தும் வருகிறது. பிந்தையது காலத்தோடு மாறுவது. 1990-91இல் ரோசாட் கண்ட அளவே உங்கள் நோக்குநாளிலும் இருந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. தொலைதூரக் கருந்துளைகளின் கூட்டொளியாகிய உண்மையான அண்டப் பங்கோ 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலேதான் தனித்துத் தெரியும். ரோசாட்டின் எல்லை ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிடுகிறது. அப்பகுதிக்குச் சுமார் 1.4 அடுக்கெண் கொண்ட வழக்கமான அடுக்குவிதி மாதிரியையே (ஆற்றல் கூடக் கூட ஒளி சீராகக் குறையும் மாதிரி) நாட வேண்டும்.

வடிவத் தேர்வு வட்டத்தோடும் வளையத்தோடும் நின்றுவிடுவது எனக்குக் குறையாகவே படுகிறது. வானில் எக்ஸ்-கதிரில் பிரகாசிக்கும் பெரிய வளைவான நார்த் போலார் ஸ்பர் போன்ற, பொலிவு திடீரென மாறும் பகுதிகளின் ஓரத்தில் வளையத்தின் சராசரி இரு பக்கத்துக்கும் பொருந்தாது. அங்கே கொத்தைச் சுற்றிச் சிறு வட்டங்களைத் தனித்தனியே எடுத்து ஒப்பிட்டுவிட்டு, எதைப் பின்னணியாகக் கொள்வது என்று முடிவு செய்வதே நல்லது.