மனோன்மணீயம், உரையோட வந்த எடிஷன்: வாணிக்காக வாங்கலாம், முன்னுரைக்காக வேணாம்

நீராருங் கடலுடுத்த பாட்ட ஸ்கூல்ல தினமும் பாடியிருப்போம், 1970ல இருந்து அரசு விழால எல்லாம் அதுதான் தமிழ்த்தாய் வாழ்த்து, ஆனா அது ஒரு நாடகத்தோட கடவுள் வாழ்த்து பகுதியில இருந்து எடுத்ததுன்னு தெரிஞ்சவங்கள்லயே அந்த நாடகத்த முழுசா படிச்சவங்க ரொம்ப கம்மி. சுந்தரம் பிள்ளை 1891ல வெளியிட்டது. லிட்டன் பிரபுவோட ஒரு ஆங்கில கதைக்கவிதைய அடிப்படையா வச்சு அகவல்ங்கற செய்யுள் வகைல எழுதினது, மேடைக்குன்னு இல்லாம படிக்கறதுக்குன்னே எழுதினதா சொல்வாங்க. நான் வாங்கினது மூலமும் உரையும் சேர்ந்த பேப்பர்பேக் எடிஷன், பதிப்பகம் பேர் வேணாம் விடுங்க.

முதல்ல புத்தகம் எப்படி இருக்குன்னு சொல்லிடறேன். மூலத்துல சந்தி பிரிச்சு போட்டிருக்காங்க, பழைய தமிழ் பழக்கம் இல்லாதவங்களுக்கு இது பெரிய உதவி. அருஞ்சொற்பொருள மட்டும் ஒவ்வொரு அங்கம் முடிஞ்சப்புறம் மொத்தமா கொண்டுபோய் கொட்டியிருக்காங்க, பக்கத்துக்கு கீழயே போட்டிருந்தா விரல நடுவுல வச்சுகிட்டு முன்னயும் பின்னயும் புரட்ட வேண்டியிருக்காது. ஃபான்ட் பொடிசு. அட்டைல ஜன்னல் ஓரமா கண்ணீரோட ஒரு இளவரசி, அதப் பாத்தாலே உள்ள முன்னுரை எப்படி இருக்கும்னு ஊகிச்சிடலாம்.

அந்த முன்னுரைதான் எனக்கு பிரச்சனை. தந்தைக்காக காதல துறந்த தியாகத் திருவுருவம், பெண்மையின் இலக்கணம்னு மனோன்மணிய பத்து பக்கத்துக்கு புகழ்ந்து தள்ளியிருக்காங்க, அவ தோழி வாணிக்கு அரை பாரா. நாடகத்த படிச்சா கணக்கு அப்படி வரல.

கதை சுருக்கமா இதுதான். பாண்டியன் ஜீவகனுக்கு ஒரே பொண்ணு மனோன்மணி, சேர ராஜா புருடோத்தமன கனவுல பாத்து மனச பறிகொடுக்கறா, அவனுக்கும் அதே கனவு. குலகுரு சுந்தரமுனிவர் சேரனுக்கே அவள குடுக்கலாம்னு யோசனை சொல்றார், ஆனா மந்திரி குடிலன் தன் மகன் பலதேவன தூது அனுப்பி அத போர்ல கொண்டுபோய் முடிக்கறான். பாண்டியன் தோத்து கோட்டைக்குள்ள முடங்கினதும், பொண்ண முனிவரோட சுரங்க வழியா தப்பிக்க வைக்கறதுக்கு முன்னாடி அவசர அவசரமா பலதேவனுக்கே கட்டி வச்சிடலாம்னு அப்பா முடிவு பண்றார். குழிபறிச்சவன் மகனுக்கேதான்! அவளும் சரின்னு சொல்றா.

இந்த இடத்த கவனமா படிங்க. சரின்னு சொல்றவ சும்மா தலைய ஆட்டிட்டு போகல, வாணிக்கும் அவ காதலிக்கற நடராஜனுக்கும் கல்யாணம் நடக்கணும்னு கேட்டு வாங்கறா. தன் வாழ்க்கை போனாலும் தோழியோடது போகக்கூடாதுன்னு பேரம் பேசற பொண்ணு அவ, முன்னுரைல சொல்ற மாதிரி வாயில்லா பூச்சி இல்ல. இத பத்தி அந்த பத்து பக்கத்துல ஒரு வரி கூட இல்லைங்கறதுதான் எனக்கு ஆச்சரியம்.

வாணி இன்னொரு தினுசு. அவ அப்பா சகடர் பலதேவனுக்குத்தான் கட்டி வைப்பேன்னு நிக்கறார், ராஜா கிட்டயே போய் முறையிடறார், ராஜாவும் அவர் பக்கம்தான், ஆனா இவ கடைசி வரைக்கும் மாட்டேன்னா மாட்டேன்தான். அப்பா, அரசன் ரெண்டு பேரையும் எதிர்த்து நிக்கற ஒரு பொண்ண 1891லயே ஒரு தத்துவப் பேராசிரியர் எழுதியிருக்கார், எழுதினவரே அவள கெட்டவளா காட்டல, மனோன்மணிக்கு உயிர்த்தோழியா பக்கத்துலயே வச்சிருக்கார். ஒருத்தி இணங்கறா, ஒருத்தி இணங்கல, ரெண்டு பேர் காதலும் ஒசத்தின்னுதான் நாடகம் சொல்லுது, நாமதான் இணங்கினவள மட்டும் பிடிச்சு பாடபுத்தகத்துல போட்டுகிட்டோம்.

அதுக்காக சுந்தரம் பிள்ளைய முழுசா விட்டுட முடியாது. இவ்வளவு அழிவுக்கும் காரணம் ஜீவகன் குடிலன கண்ண மூடிகிட்டு நம்பினது, ஆனா விலை குடுக்க வேண்டியது பொண்ணு. புருடோத்தமன் காதலுக்காக எதையாவது இழந்தானான்னு தேடிப் பாத்தேன், ஒண்ணும் இல்ல, போர்ல ஜெயிக்கறான், சுரங்கத்து வழியா வந்து நிக்கறான், மாலை அவன் கழுத்துல விழுது. கிளைமாக்ஸ் படிக்க ஜோராத்தான் இருக்கு. ஆனா அவன் வரலன்னா மனோன்மணி நிலைமை என்னன்னு நாடகம் யோசிக்கவே மாட்டேங்குது, தியாகம் பண்றேன்னு சொன்னதுக்கு பரிசு மாதிரி மாப்பிள்ளை வந்து இறங்கறான்.

நடுவுல சிவகாமி சரிதம்னு ஒரு தனிக்கதை வருது, ஆங்கிலக் கவிஞர் கோல்ட்ஸ்மித் பாட்டோட சாயல்ல எழுதினது. காதலன் விட்டுட்டு போயிடறான், இவ ஆண் வேஷத்துல காடு காடா தேடி அலைஞ்சு கடைசில ஒரு துறவி கிட்ட கதைய சொல்றா, பாத்தா அந்த துறவியே அவன்தான். பாட்டா படிச்சா அவ்வளவு இனிமை. ஆனா அவன் போனதுக்கான பழிய கூட அவளே தலைல போட்டுக்கறா, அவன் ஒரு வார்த்தை சொல்லிட்டு போயிருக்கலாமேன்னு யாரும் கேக்கல.

நிஷ்டாபரர், கருணாகரர்னு சுந்தரமுனிவரோட ரெண்டு சீடர்களும் தத்துவம் பேசற களம் கொஞ்சம் இழுவை, முதல் தடவை தாண்டிப் போனா குத்தமில்ல. முன்னுரையையும் நாடகம் முடிஞ்சப்புறமே படிங்க, முடிவ முதல் பக்கத்துலயே போட்டு உடைச்சிருக்காங்க.

வாங்கலாம். அகவல் ஓட்டம் பிடிபட்டதும் வாய்விட்டு படிக்க தோணும், சந்தி பிரிப்புக்காகவே காசு குடுக்கலாம். சிவகாமி சரிதத்துக்கு மட்டும் உரையே போடாம அம்போன்னு விட்டுட்டாங்க, அந்த பகுதிக்கும் ஒழுங்கா உரை இருக்கற வேற எடிஷன் யாராவது பாத்திருந்தா சொல்லுங்க.